அது வேற உப்புங்க

பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும் வேலையைப் பற்றி, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒன்பது பேருக்காகவும் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எப்படி மாற்றுவது என்பதற்கு உங்கள் மேஜையில் ஒரு கையேடு இருக்கும். அதில் பாதி நான் எழுதியது, தூக்கம் வராத அன்று படித்துப் பாருங்கள், நன்றாகத் தூக்கம் வரும். அதில் எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மறந்துபோய் விட்டதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு விட்டது.

முதலில் சிரிக்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை.

சேலம் பக்கம் இளம்பிள்ளை என்ற ஊரில் ஒரு சேலை வியாபாரி. சேலை ரகங்களின் பெயர்களையெல்லாம் ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார். உங்களில் பலர் அந்தக் காலத்து எழுத்துருக்களைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, வெளியே தெரிவது மட்டும் தமிழ் வடிவம். அந்தக் கோப்புகளைப் புதிய கணினியில் யூனிகோடுக்கு மாற்றியபோது நான் ஒரு படியை விட்டுவிட்டேன். அவர் கடையைத் திறந்து கணினியைப் போட்டால், வாடாமல்லி பார்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் அடைப்புக்குறியும் வரிசையாக நிற்கின்றன. உடனே போன் செய்தார். "ஏனுங்க மேடம், என்ற சேலையெல்லாம் என்னைய இங்கிலீசுல வையுதுங்க, என்னான்னு வந்து பாருங்க" என்றார். இரண்டு நாளில் சரிசெய்து கொடுத்தோம். அதன்பின் பல வருடம், தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லும்போதெல்லாம் அந்த வசவை நினைவுபடுத்துவார்.

இந்த மாதிரிப் பிழைக்குப் பயப்படாதீர்கள். அது தானே கத்தும். திரை அலங்கோலமாகும், நிரல் நின்றுபோகும், யாராவது போன் செய்து திட்டுவார்கள். நான் சொல்ல வந்த பிழையில் எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. எண்ணெல்லாம் சரியாக இருந்தது. கூட்டினால் மொத்தமும் சரியாக வந்தது.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு கோழித்தீவன ஆலை. பெயர் வேண்டாம். கோழிப்பண்ணைக்காரர்களுக்கு மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்கல், உப்பு, மருந்து எல்லாவற்றையும் கணக்காகக் கலந்து மூட்டை போட்டு அனுப்புகிற இடம். எந்த வயதுக் கோழிக்கு எதில் எத்தனை கிலோ என்பதை வைத்திருந்தது ஒரு பழைய டாஸ் நிரல். நீலத் திரை, வெள்ளை எழுத்து. முதல் திரையில் அதை எழுதியவரின் இரண்டு முன்னெழுத்துகள் மட்டும் இருந்தன. அவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று ஆலை அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

புதிய கணினிகளில் அந்த நிரல் ஓடாது. அது பதினாறு பிட் காலத்தது, இன்றைய அறுபத்து நான்கு பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். சேலம் பழைய பொருள் கடைகளில் மதர்போர்டு தேடித்தேடி வாங்கிப் போட்டுப் பல வருடம் ஓட்டினார்கள். கடைசியில் முதலாளி புது மிஷின் லைன் ஒன்றை இறக்கினார். ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தொட்டி, தொட்டிக்கு அடியில் எடை உணரும் கருவி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு கணினி. பழைய நிரலில் இருந்த கலவை அளவுகளை எடுத்துப் புது லைனுக்குப் புரிகிற மாதிரி கொடுப்பது நம் வேலை. போனவள் நான்.

பழைய கோப்புகளை ஒரு வாரத்தில் உடைத்துப் படித்துவிட்டேன். அப்போதே ஒன்றைக் கவனித்தேன், அந்த நிரலில் தசமப் புள்ளி கிடையாது. எல்லாமே முழுக் கிலோ. மூன்று கிலோ இருநூறு கிராம் என்று ஒன்றைப் பதிய அதில் வழியே இல்லை. "அட, இவ்வளவு வருடம் இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளித்தார்கள்?" என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வியை எனக்குள் கேட்காமல், பத்தடி தள்ளி நின்றவரிடம் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

அவர் பெயர் பழனியப்பன். மிக்சர்காரர். இருபத்தைந்து வருடமாக அந்த ஆலையில் தீவனம் கலப்பது அவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். புது லைனில் அவர் வேலை, திரைக்கு முன்னால் நின்று அளவைச் சரிபார்த்து ஒரு பச்சைப் பொத்தானை அழுத்துவது. பழைய கலவைத் தளத்தை மூடியாயிற்று, அங்கிருந்த டிரம்கள் இனி வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டிருந்தார். அந்த டிரம்கள் எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

நான் செய்த சோதனையைக் கேளுங்கள். பழைய நிரல் அச்சிட்ட சீட்டையும் புதியது அச்சிட்ட சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக டிக் போட்டேன். பழையதில் உப்பு முப்பத்திரண்டு, புதியதிலும் உப்பு முப்பத்திரண்டு. பழையதில் மொத்தம் ஆயிரம் கிலோ, புதியதிலும் ஆயிரம். புது நிரலில் ஒவ்வொரு பொருளின் சத்து விவரத்தையும் ஏற்றினால், ஏதாவது அளவு மீறும்போது அதுவே எச்சரிக்கும். ஆனால் அதை ஏற்ற ஒரு வாரம் பிடிக்கும். முதலாளி, "அம்முணி, திங்கக்கெழம லைன் ஓடோணும்" என்று சொல்லிவிட்டார். சத்து விவரத்தை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானாகத்தான் தள்ளினேன்.

திங்கட்கிழமை காலை. பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே ஆலைக் கூரைத் தகரத்தை நெளியவைத்துக்கொண்டிருந்தது. முதல் லோடு யாருக்கு என்றால், பரமத்திப் பக்கத்திலிருந்து வந்த செல்வநாயகி என்கிற பண்ணைக்காரப் பெண்ணுக்கு. நாற்பது வயது இருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறவர், வடக்கே போனால் திரும்ப மாதமாகும். அதுவரை வேறு ஒருவரின் கோழிகளைக் கூலிக்கு வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், முதல்முறையாகச் சொந்தமாக இரண்டு ஷெட்டில் ஆறாயிரம் குஞ்சு இறக்கி வளர்த்திருந்தார். ஐந்து மாதம் தீனி போட்டு வளர்த்தாயிற்று. அந்த வாரம்தான் கோழிகள் முட்டைக்கு வந்திருந்தன. இந்த ஒரு பேட்ச் தவறிப்போனால் இன்னொரு பேட்ச் இறக்க அவருக்கு வழியில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார், வெயில் அதிகம் என்று சொல்வதுபோல.

"ஷெட்டுல தீனி தீந்துபோச்சுங்கக்கா. மத்தியானத்துக்குள்ள வந்துருமுங்களா?" என்று மொபெட்டை நிறுத்தக்கூடச் செய்யாமல் கேட்டார்.

"வந்துடும்ங்க, புது லைன். ஒரு மணி நேர வேலை" என்றேன்.

லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. முதலாளி அலுவலக அறைக்கும் லைனுக்கும் நடந்துகொண்டிருந்தார். மிஷின் கொண்டுவந்து பூட்டியவர்கள் மதிய ரயிலுக்குக் கிளம்ப வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் முதல் கலவை வந்தது. பழனியப்பன் பச்சைப் பொத்தானில் விரலை வைத்தார். ஆனால் அழுத்தவில்லை.

"ஏனுங்க அம்முணி, உப்பு முப்பத்திரண்டுங்களா?"

"ஆமாங்க. உங்க பழைய சீட்டுலயும் அதுதானே இருக்கு? பாருங்க." இரண்டு சீட்டையும் நீட்டினேன்.

அவர் பார்த்தார். "முப்பத்திரண்டுதானுங்க" என்றார். பிறகு ஒன்பதாம் தொட்டியைப் பார்த்தார். கடையிலிருந்து வந்த உப்பு மூட்டைகளை அதில் கொட்டி நிரப்பியிருந்தார்கள். "ஆனா அது வேற உப்புங்க" என்றார்.

கல்லுப்புக்குப் பதில் தூளுப்பு வாங்கிவிட்டார்கள் என்று சொல்கிறார் என நினைத்தேன். நினைத்தது தப்பில்லை, அதோடு நின்றேன் பாருங்கள், அதுதான் தப்பு. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். முதலாளி எங்களைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே, "எந்த உப்பா இருந்தா என்னங்க, உப்பு உப்புதானே? சீட்டுல இருக்கறதுதான் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. போடுங்க" என்றேன்.

பழனியப்பன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "ஆகட்டுங்க" என்றார். பொத்தானை அழுத்தினார்.

நான் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஆகட்டுங்க என்றால் சரி என்று அர்த்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், நீங்கள் படித்தவர், இனி உங்கள் பொறுப்பு என்று அர்த்தம். மரியாதையோடு சொல்கிற மறுப்பு அது. குரல் கொஞ்சம் தாழும், பார்வை வேறு பக்கம் போகும். கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். நான் அந்த வட்டாரத்தில் பதினைந்து வருடம் வேலை செய்திருந்தேன், இருந்தும் கேட்டுப் பழகியிருக்கவில்லை. மதியத்துக்குள் லோடு பண்ணைக்குப் போய்விட்டது. மிஷின்காரர்கள் எனக்குக் கைகொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்கள். எனக்கு ஒரே பெருமை.

புதன்கிழமை காலை செல்வநாயகி ஆலைக்குப் போன் செய்தார். கோழிகள் ஓயாமல் தண்ணீர் குடிக்கின்றன, எச்சம் தண்ணீராகப் போகிறது, முப்பது நாற்பது கோழி படுத்துவிட்டது, தீனியில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். முதலாளி போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்முணி, புது லைன்ல எதாச்சும் கோளாறு இருக்குதுங்களா?"

இந்த இடத்தில் என்னை நன்றாகப் பாருங்கள். எனக்கு உண்மையில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரிகிறவரை அந்தத் தீனியைப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு சீட்டையும் மறுபடி அச்சிட்டேன். மறுபடி வரி வரியாக டிக் போட்டேன். "ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் சரியா இருக்கு" என்று காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். என் வேலையை நான் சந்தேகிக்க வேண்டிய நேரத்தில், அதற்கு வக்கீலாக நின்றேன்.

முதலாளி போனில், "தீனில தப்பில்லீங்க, கம்ப்யூட்டர்லயே பாத்தாச்சு. வெயிலுக்குக் கழிச்சலா இருக்கும். ரெண்டு நாளைக்குத் தண்ணியக் கொறைச்சுக் குடுங்க, கட்டுப்படும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தீனியில் தப்பில்லை என்றால் யாரும் சொல்கிற யோசனைதான். செல்வநாயகியின் பண்ணையில் கிணறும் வற்றி, டேங்கர் தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்த நேரம். அவர் சொன்னபடியே தண்ணீர்க் குழாயை அடைத்து, காலையும் மாலையும் மட்டும் திறந்துவிட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை அவருக்கான இரண்டாவது லோடு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. அதுவரை புது லைனில் கலந்தது அவருக்கு மட்டும்தான், மற்றப் பண்ணைகளுக்கு முன்பே கலந்து வைத்த மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன. முந்நூறு கோழிக்கு மேல் போய்விட்டது என்று அதற்குள் செய்தி வந்திருந்தது. நான் அலுவலக அறையில் வேறு ஒரு ஆலையின் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பழனியப்பனின் குரல் கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"வண்டிய எடுக்காதீங்க. எறங்குங்க, எறங்குங்கறேன்!"

நான் வெளியே வந்தபோது லாரி மேல் ஏறி ஒரு மூட்டையைப் பிரித்துவிட்டிருந்தார். ஒரு பிடி தீவனத்தை அள்ளி வாயில் போட்டு மென்றார். காறித் துப்பினார். இறங்கி நேராக என்னிடம் வந்தார். "வாங்க அம்முணி, ஒண்ணு காட்டோணும்" என்றார்.

மூடிக் கிடந்த பழைய தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூலையில் ஒரு நீல டிரம். அதன் மேல் சாக்பீஸில் உப்பு என்று எழுதியிருந்தது. மூடியைத் திறந்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். வெள்ளையாக இல்லை. தவிடு நிறத்தில் இருந்தது. கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசாகத்தான் கரித்தது.

"இதுதானுங்க எங்க உப்பு. ஒரு பங்கு உப்புக்கு ஒம்பது பங்கு தவுடு. அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குக் கிராம் கணக்குத் தெரியாதுங்க. மூணு கிலோ இரநூறுன்னா அதுக்குள்ள ஏறாது. அதனால அந்தக் காலத்துல அத எழுதுனவரும் நாங்களும் உக்காந்து பேசித்தான் இப்பிடிப் பண்ணுனோம். இதுல முப்பத்திரண்டு கிலோ போட்டா மூணு கிலோ இரநூறு உப்புப் போவும். சீட்டுல உப்புன்னுதான் எழுதுவோம்."

புது லைன் ஒன்பதாம் தொட்டியிலிருந்து முப்பத்திரண்டு கிலோ வெறும் உப்பைப் போட்டிருக்கிறது. பத்து மடங்கு.

உள்ளங்கையில் இருந்ததை மறுபடி பார்த்தேன். அந்தப் பழைய நிரலை நான் முழுதாகப் படித்துவிட்டதாக நினைத்திருந்தேன். நான் படித்தது அதில் பாதியைத்தான். மீதிப் பாதி இந்த டிரம்மிலும் பழனியப்பனின் கையிலும் இருந்திருக்கிறது. நிரலால் முடியாததை ஆட்கள் தங்கள் கையால் செய்துகொண்டு, நாளடைவில் அதைச் சொல்லவேண்டும் என்றே தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகிற எல்லாப் பழைய மென்பொருளும் இப்படித்தான் இருக்கும். அதனால் அதில் ஏதாவது குறை கண்டால் சிரிக்காதீர்கள். இந்தக் குறையை யார், எப்படி நிரப்பிக்கொண்டு இத்தனை நாள் ஓட்டினார்கள் என்று தேடிப் போய்க் கேளுங்கள்.

"அன்னிக்கே ஏங்க விளக்கமாச் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் டிரம்மை மூடிக்கொண்டிருந்தார். அவர் சொல்லியிருந்தார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "அம்முணி, லோடத் திரும்ப எடுத்துருவோம். ஆனா வெயில்னே இருக்கட்டுமே. நீங்க வாயத் தொறந்தா ஆலை பேரும் போவுது, உங்க கம்பெனி பேரும் போவுது" என்றார். அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அரை நிமிடமாவது அப்படித்தான் பட்டது. வெளியே போய் நம் அலுவலகத்துக்கு, அப்போது எனக்கு மேலே இருந்தவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னும் அந்தத் தீனியத் தின்னுட்டுதானே இருக்கும்? நீ என்கிட்ட எதுக்குப் பேசிட்டிருக்க, போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதைவிட நல்ல உத்தரவு என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆலையின் வேனில் பழனியப்பனும் நானும் கிளம்பினோம். வழியிலேயே செல்வநாயகிக்குப் போன் போட்டு, தீனியை உடனே அள்ளச் சொன்னேன். கோழி டாக்டர் ஒருவரைப் பிடித்துக் கேட்டோம். உப்பு ஏறிய கோழிக்குத் தண்ணீரைக் குறைத்ததுதான் பெரிய கெடுதல், இப்போது ஒரேயடியாகத் திறந்துவிடவும் கூடாது, நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுங்கள், பிழைப்பது பிழைக்கும் என்றார். தண்ணீரைக் குறைக்கச் சொன்ன அந்த வார்த்தைக்கு அடியில் இருந்தது நான் டிக் போட்ட காகிதம். வேன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அதை நினைத்தேன், வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கோழி ஷெட்டுக்குள் நீங்கள் போயிருந்தால் தெரியும், எப்போதும் காதை அடைக்கிற இரைச்சல் இருக்கும். அன்று அங்கே பக்கத்து வயலில் ஓடிய மோட்டார் சத்தம் கேட்டது. கூண்டுக்குள் கோழிகள் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, குழாயின் மூக்கைக் கொத்திக்கொண்டே இருந்தன. நிற்க முடியாதவை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. செல்வநாயகி தீனித் தொட்டியைக் கையாலேயே வழித்து அள்ளிக்கொண்டிருந்தார். சேலையை முழங்கால்வரை செருகியிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

பழனியப்பன் நேராகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார். டாக்டர் சொன்னபடி திறப்பதும் மூடுவதுமாக அன்று மாலைவரை அங்கேயே நின்றார். நானும் மறுபக்கத் தொட்டியை வழித்தேன். வரிசை முடிகிற இடத்தில் செல்வநாயகியும் நானும் எதிரெதிரே வந்துவிட்டோம்.

"யாருங்க கலக்குனது? அவருங்களா?" என்று பழனியப்பன் இருந்த பக்கம் தலையை அசைத்தார்.

"இல்லைங்க. கலவைய மாத்துனது நான். அவர் அன்னிக்கே வேற உப்புன்னு சொன்னார். புதன்கிழமை தீனியில தப்பில்லைன்னு சொன்னதும் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அழுதிருந்தால்கூட நானும் கூட அழுதிருக்கலாம்.

"தெரியாம செஞ்சீங்களா, கேக்காம செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

இந்த வேலையில் பிழை நடந்தால் நாம் அறிக்கை எழுதுவோம். உங்களுக்கும் எழுதக் கற்றுத் தருவார்கள். தகவல் இடைவெளி, ஆவணம் இல்லாத நடைமுறை, பழைய அமைப்பின் வரம்பு என்று அதற்கு நிறைய நல்ல சொற்கள் இருக்கின்றன. அந்தச் சொற்கள் எல்லாமே தெரியாமல் செய்தேன் என்பதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. எனக்கும் அவையெல்லாம் அன்று நினைவுக்கு வந்தன. ஒரு சொல்கூட அந்த முகத்துக்கு முன்னால் வாயிலிருந்து வரவில்லை.

"கேக்காமத்தாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மன்னித்ததாகவும் இல்லை, மன்னிக்காததாகவும் இல்லை. ஒரு விவரம் தெரிந்துகொண்ட மாதிரி ஆட்டினார். பிறகு சுவரோரம் இருந்த பெரிய கூடையைக் காட்டி, "அப்ப அந்தப் பக்கம் புடிங்க" என்றார்.

செத்த கோழிகளைக் கூண்டு கூண்டாக எடுத்துக் கூடையில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வேலியோரம் வெட்டியிருந்த குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டினோம். ஒரு கூடையில் இருபதுக்கு மேல் கொள்ளாது. எத்தனை நடை என்று எண்ண ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். சில கோழிகளின் வயிற்றுக்குள் முட்டை கெட்டியாகக் கைக்குப் பட்டது. அவருக்கும் பட்டிருக்கும். அடுத்த மூன்று நாளும் நான் போனேன். மூன்று நாளும் அதே வேலைதான் இருந்தது.

ஆலையும் நம் அலுவலகமும் சேர்ந்து நஷ்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தன. பழனியப்பன் அந்த ஆலையிலேயே இருக்கிறார். புது நிரலில் ஒன்பதாம் தொட்டியின் பெயரைத் தவிடு கலந்த உப்பு என்று மாற்றி, சத்து விவரத்தையும் ஏற்றிவிட்டோம். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும் என்று சொன்னேன் இல்லையா, மூன்றரை நாளில் முடிந்தது.

பிழைத்த கோழிகள் மறுபடி சரியாக முட்டைக்கு வரவே இல்லை. ஆடி மாதத்தில் அவற்றைக் கறிக்குக் கொடுத்துவிட்டு, கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார் செல்வநாயகி. இப்போது பழையபடி வேறு ஒருவர் பண்ணைக்குக் காலையில் முட்டை பொறுக்கப் போகிறார். பரமத்திப் பக்கம் போகும்போது அந்த இரண்டு ஷெட்டையும் ரோட்டிலிருந்தே பார்க்கலாம். அன்றைக்குப் பிறகு அவற்றில் கோழி ஏறவில்லை.